“உடனே ஷேர் பண்ணுங்க”ன்னு வந்தா, உடனே ஷேர் பண்ணாம என்ன பண்றது

போன வாரம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல பெரியம்மா ஒரு ஃபார்வர்ட் போட்டாங்க. கறுப்புத் துணி போத்தின ஒரு பொண்ணு படம், கீழ “இந்தப் பெண்ணை நாளை கல்லால் அடித்துக் கொல்லப் போகிறார்கள், மனசாட்சி இருந்தால் பத்து பேருக்கு அனுப்பவும்”னு. பேரு இல்ல, நாடு இல்ல, தேதி இல்ல, நாளைன்னா எந்த நாளைன்னு கூட இல்ல. அரை மணி நேரத்துல எட்டு அழுகை எமோஜி, ரெண்டு கும்பிடு, அப்புறம் ஒரு மாமா “இவனுங்க மதமே இப்படித்தான்”னு ஆரம்பிச்சு வெச்சாரு, அதோட பேச்சு அந்தப் பொண்ண விட்டு எங்கயோ போயிடுச்சு.

பெரியம்மாவ நான் திட்டல. ஏன்னா 2003ல இதே வேலைய நானே பண்ணிருக்கேன். அப்ப வாட்ஸ்அப் ஏது, ஆபீஸ்ல உக்காந்து யாஹூ மெயில். நைஜீரியால அமினா லவால்னு ஒரு பொண்ணு, கல்யாணம் இல்லாம குழந்த பெத்துட்டாங்கன்னு மரண தண்டன, சுப்ரீம் கோர்ட்டே உறுதி பண்ணிடுச்சு, இன்னும் கொஞ்ச நாள்தான், கையெழுத்து போடுங்கன்னு மெயில் வந்துச்சு. கண்ணுல தண்ணியோட நாப்பது பேருக்கு அனுப்பினேன். ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது, அமினாவோட அப்பீல நடத்திட்டு இருந்த நைஜீரிய பெண்களே அந்த நேரத்துல உலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி “தயவுசெஞ்சு இந்த பெட்டிஷன நிறுத்துங்க, நீங்க அனுப்பற தகவல் தப்பு, எங்க வேலைக்கு இது இடைஞ்சலா இருக்கு”ன்னு கேட்டுட்டு இருந்திருக்காங்க. நான் நாப்பது பேருக்கு அனுப்பினது அவங்க நிறுத்தச் சொன்ன அதே மெயில்.

அதுக்கப்புறம் இந்த மாதிரி கேஸ் எது வந்தாலும் ஒரு முறை வெச்சிருக்கேன், அதத்தான் இங்க எழுதறேன். நான் வக்கீலும் இல்ல, எந்த அமைப்புலயும் இல்ல, சும்மா இருபது வருஷமா இந்தக் கேஸுங்கள விடாம படிச்சிட்டு வர்ற ஆளு, அவ்ளோதான்.

கேஸ் எந்தப் படியில நிக்குதுன்னு பாருங்க

முதல்ல பேரு, ஊரு, கோர்ட்டு. இந்த மூணுல ஒண்ணு கூட ஃபார்வர்டுல இல்லேன்னா அத அங்கயே வெச்சிடுங்க. படம் இருந்தா கூகுள் லென்ஸ்ல போட்டுப் பாருங்க, பாதிக்குப் பாதி வேற நாட்டுல வேற வருஷத்துல எடுத்த படமாத்தான் இருக்கும். பேரு இருந்தா இங்கிலீஷ்ல நாலஞ்சு ஸ்பெல்லிங் மாத்தி மாத்தி தேடணும், அரபு, ஹௌஸா, ஃபார்சி பேருங்கள ஒவ்வொரு பேப்பரும் ஒவ்வொரு மாதிரி எழுதும். வெளிநாட்டுப் பேப்பரோட நின்னுடாதீங்க, அந்த நாட்டுப் பேப்பரயும் பாருங்க.

அப்புறம் படி. இதத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. கேஸ் எந்த கோர்ட்டுல இருக்கு, மேல இன்னும் எத்தன கோர்ட் பாக்கின்னு பாக்கணும். அமினா கேஸையே எடுத்துக்கோங்க. கட்சினா மாநிலத்துல குராமின்னு ஒரு கிராமம் அவங்களுக்கு. 2002 மார்ச் 22ல பக்கோரின்னு ஒரு ஊர்ல இருக்கற கீழ் ஷரீஅத் கோர்ட் தண்டன குடுத்துச்சு. ஆகஸ்ட் 19ல ஃபுந்துவா மேல் ஷரீஅத் கோர்ட் அப்பீல தள்ளுபடி பண்ணுச்சு, ஆனா குழந்த பால் மறக்கற வரைக்கும், அதாவது 2004 ஜனவரி வரைக்கும், தண்டன கிடையாதுன்னு சொல்லிடுச்சு. அதுக்கு மேல மாநில ஷரீஅத் அப்பீல் கோர்ட், அதுக்கும் மேல ஃபெடரல் அப்பீல் கோர்ட், அதுக்கும் மேலதான் சுப்ரீம் கோர்ட். எனக்கு மெயில் வந்தப்ப கேஸ் மாநில அப்பீல் கோர்ட்டுலதான் இருந்துச்சு, ஜூன் 3க்கு விசாரணை போட்டு அதுவும் ஆகஸ்ட் 27க்கு தள்ளிப் போச்சு. சுப்ரீம் கோர்ட் அந்த ஃபைல கண்ணால கூட பாக்கல. ஒரு போன் கால்ல சரி பாத்திருக்கக் கூடிய விஷயத்த உலகம் பூரா லட்சக்கணக்கான பேரு நம்பிட்டு இருந்தோம்.

தப்பான தகவல் போனா என்ன, நல்ல எண்ணம்தானேன்னு கேப்பீங்க. அந்த ஊர் அதிகாரி கையில உங்க கடுதாசி போகும்போது அவரு முதல் வரியப் படிச்சதுமே இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சுக்குவாரு. “பாத்தீங்களா, வெளிநாட்டுக்காரன் பொய் சொல்லி நம்ம மதத்த கேவலப்படுத்தறான்”னு அதையே மைக்குல வாசிப்பாரு. அதோட கெட்ட பேரு உங்களுக்கு வராது, அங்க கோர்ட் வாசல்ல நிக்கற உள்ளூர்ப் பொண்ணுங்களுக்குத்தான் வரும்.

அங்க யாரு நிக்கறாங்கன்னு தேடுங்க

என்னக் கேட்டா முழு வேலையும் இதுலதான் இருக்கு. இந்த மாதிரி எந்தக் கேஸ எடுத்தாலும் அந்தப் பொண்ணு தனியா இருக்கான்னு நாமளா நெனச்சுக்கறோம், ஆனா தேடினா யாராவது இருப்பாங்க, ஒரு வக்கீல், ஒரு பெண்கள் அமைப்பு, சில சமயம் பெத்த புள்ளைங்க. அமினாவுக்கு பாவோபாப்னு ஒரு பெண்கள் உரிமை அமைப்பு இருந்துச்சு, ராப்பான்னு இன்னொரு அமைப்பு இருந்துச்சு, ஹௌவா இப்ராஹிம், அலியு மூசா யாவுரின்னு வக்கீலுங்க இருந்தாங்க. இதுல நெறைய பேரு முஸ்லிம். 2005ல ஹௌவா இப்ராஹிமுக்கு ஐரோப்பிய பார்லிமென்ட்டோட சகரோவ் விருது கெடச்சுது.

அவங்க எப்படி வாதாடினாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா நாம ஏன் வாய அடக்கணும்னு தானா புரியும். அவங்க ஷரீஅத் காட்டுமிராண்டித்தனம்னு ஒரு வார்த்த கோர்ட்டுல பேசல. ஷரீஅத் படியே இந்தத் தீர்ப்பு செல்லாதுன்னு பேசினாங்க. மூணு பேரு உக்கார வேண்டிய கீழ் கோர்ட்டுல ஒரே ஒரு நீதிபதி உக்காந்து தீர்ப்பு சொல்லியிருக்காரு, அது ஒண்ணு. அந்தம்மா ஒத்துக்கிட்டதா எழுதி வெச்சிருக்கறது, குற்றம் என்னன்னு அவங்களுக்கு விளக்கி, வக்கீல் வெச்சு எடுத்த வாக்குமூலம் இல்ல, அதோட ஜினா (கல்யாணத்துக்கு வெளிய உறவு) கேஸ்ல ஒத்துக்கிட்டத திரும்ப வாங்கிக்க ஷரீஅத்துலயே உரிமை இருக்கு, இது ரெண்டு. நேர்ல பாத்த நாலு சாட்சி வேணும், அது கிடையாது.

அப்ப வயித்துல வந்த குழந்த? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் வருது. வட நைஜீரியால மாலிகி மத்ஹப், அதாவது இஸ்லாமிய சட்டத்துல இருக்கற ஒரு மரபு. அதுல கல்யாணம் இல்லாதவ கர்ப்பமா இருந்தா அதையே சாட்சியா எடுத்துக்கற ஒரு கடுமையான வழக்கம் உண்டு. ஆனா அதே மாலிகில “தூங்கும் கரு”ன்னு ஒரு பழைய கருத்தும் இருக்கு, அதாவது கரு வயித்துக்குள்ள வருஷக்கணக்கா, அஞ்சு வருஷம் வரைக்கும் கூட, உறங்கிக் கெடக்கலாம்னு அந்தக் காலத்து அறிஞருங்க எழுதி வெச்சிருக்காங்க. டாக்டரு கேட்டா சிரிப்பாரு. ஆனா அமினா விவாகரத்து ஆகி அத்தன வருஷம் ஆகல, அப்ப இது பழைய புருஷன் குழந்தையா ஏன் இருக்கக் கூடாதுன்னு வக்கீல் கேட்டாரு, அந்தக் கேள்விக்கு கோர்ட்டுல பதில் இல்ல. எந்தப் பொத்தகத்த வெச்சு அவங்கள மாட்டி விட்டாங்களோ அதே பொத்தகத்துலேர்ந்து எடுத்த சாவி. எப்பவோ யாரோ ஒரு விதவைய, ஒரு விவாகரத்தானவளக் காப்பாத்தணும்னுதான் அந்தக் கருத்தையே எழுதி வெச்சிருப்பாங்கன்னு எனக்கு ஒரு நெனப்பு.

2003 செப்டம்பர் 25, அஞ்சு நீதிபதிங்கள்ல நாலு பேரு அமினாவ விடுதலை பண்ணாங்க. அதுக்கு முன்னாடியே 2002 மார்ச் 25ல சொக்கோட்டோ மாநிலத்துல சஃபியா ஹுசைனிக்கும் இதே மாதிரி விடுதலை வந்தாச்சு, அமினாவுக்கு தண்டன சொல்லி சரியா மூணாவது நாள். அமினா கேஸ்ல குழந்தையோட அப்பான்னு சொல்லப்பட்ட ஆளு என்ன ஆனான்னு கேக்கறீங்களா? குர்ஆன் மேல சத்தியம் பண்ணி நான் இல்லன்னு சொன்னான், விட்டுட்டாங்க. எல்லாக் கதையும் மாதிரிதான் இதுவும்.

சரி, இந்த ஆளுங்கள எப்படிக் கண்டுபிடிக்கறது? செய்தியில “வக்கீல் சொன்னார்”, “அமைப்பின் இயக்குநர் சொன்னார்”னு வர்ற வரியத் தேடுங்க, அந்தப் பேர வெச்சு அவங்க பக்கத்துக்குப் போங்க. அவங்க கடைசியா என்ன அறிக்கை விட்டிருக்காங்கன்னு தேதியோட பாருங்க. விமன் லிவிங் அண்டர் முஸ்லிம் லாஸ்னு 1984லேர்ந்து ஒரு நெட்வொர்க் இருக்கு, முஸ்லிம் நாட்டுப் பெண்களே நடத்தறது, உள்ளூர் அமைப்பு என்ன கேக்குதோ அத வெளிய சொல்றதுதான் அவங்க வேலையே. மலேசியால ஸிஸ்டர்ஸ் இன் இஸ்லாம், அப்புறம் 2009ல தொடங்கின முஸாவா, இவங்களயும் பாக்கலாம். அம்னெஸ்டிங்கற உலக மனித உரிமை அமைப்பு விடற அர்ஜென்ட் ஆக்‌ஷன் அறிக்கையில யாருக்கு எழுதணும், எந்த மொழியில எழுதலாம், எந்தத் தேதிக்கு அப்புறம் அனுப்ப வேணாம் வரைக்கும் போட்டிருப்பாங்க. தேதி தாண்டின அறிக்கைய ஷேர் பண்றது பழைய பேப்பர ஷேர் பண்ற மாதிரிதான்.

கத்தாதீங்கன்னு அவங்க சொன்னா

கத்தாதீங்க. சொல்றது ஈஸி, செய்யறது கஷ்டம், ஒண்ணுமே பண்ணாம இருக்கோமேன்னு உள்ள அரிக்கும். ஆனா பெட்டிஷன நிறுத்துங்கன்னு பாவோபாப் அவ்ளோ கடுமையா எழுத ஒரு காரணம் இருந்துச்சு. ஜம்ஃபாரா மாநிலத்துல பாரியா மகாசுன்னு ஒரு சின்னப் பொண்ணு, கல்யாணம் ஆகாம குழந்த, நூறு கசையடி. அப்பீல் போட ஏற்பாடு நடந்துட்டு இருந்துச்சு, வெளிநாட்டுலேர்ந்து கடுதாசி மழை. 2001 ஜனவரில சொன்ன தேதிக்கு முன்னாடியே, அப்பீலுக்கு வழியே விடாம, அந்தப் பொண்ண அடிச்சு முடிச்சுட்டாங்க. வெளி அழுத்தத்துக்கு நாங்க பணிய மாட்டோம்னு காட்டறதுக்குன்னே பண்ணது அதுன்னு பாவோபாப் எழுதுச்சு, காஃபிருங்க (இஸ்லாத்த ஏத்துக்காதவங்க) கடுதாசிக்கு மசியலன்னு அந்த மாநில கவர்னர் பெருமையா வேற பேசினாரு. தூரத்துலேர்ந்து நாம போடற சத்தம் சில ஊர்ல அரசியல்வாதிக்கு கெடைக்கற மேடை.

2002 கடைசில நடந்த உலக அழகிப் போட்டிக் கதை இன்னும் விசித்திரம். நைஜீரிய தலைநகர் அபுஜால நடக்க இருந்துச்சு, அமினாவுக்காக சில நாட்டு அழகிங்க வர மாட்டோம்னு சொன்னாங்க. நல்ல எண்ணம்தான். அப்புறம் உள்ளூர் பேப்பர்ல போட்டியப் பத்தி வந்த ஒரு கட்டுரைல நபிகள் பேர இழுத்து எழுதின ஒரு வரிக்காக கடுனா நகரத்துல கலவரம் வெடிச்சு இருநூறு பேருக்கு மேல செத்தாங்க, போட்டி லண்டனுக்கு ஓடிப் போச்சு. புறக்கணிப்புதான் கலவரத்துக்குக் காரணம்னு நான் சொல்லல. அவ்ளோ பத்திக்கிற ஊர்ல ஒரு வக்கீல் தினமும் அமைதியா கோர்ட்டுக்குப் போயிட்டு வரணும், அத நெனச்சுப் பாருங்கன்னு சொல்றேன்.

கத்துங்கன்னு அவங்களே கேட்டா

அப்பவும் அவங்க சொன்ன அளவுக்குத்தான். ஈரான்ல சகினே முகமதி அஷ்தியானி, தப்ரீஸ் ஜெயில், 2006லயே 99 கசையடி, அதுக்கு மேல கல்லெறி தண்டன. 2010 ஜூன்ல அவங்க புள்ளைங்க ரெண்டு பேரு வெளிப்படையா உலகத்துக்கு கடிதம் எழுதினாங்க, எங்க அம்மாவக் காப்பாத்துங்கன்னு. உள்ளூர் வழியெல்லாம் தட்டிப் பாத்து முடிஞ்சு போன நெலம அது. உலகம் கத்துச்சு, பிரேசில் ஜனாதிபதி லூலா நாங்க எடுத்துக்கறோம், அனுப்புங்கன்னாரு. கல்லெறி நடக்கல, 2014ல வெளிய வந்தாங்க. அப்ப பெட்டிஷனே வீண்னு முடிவு கட்டிடாதீங்க, இங்க வேலை செஞ்சுது.

ஆனா அதுக்கு யாரு விலை குடுத்தாங்கன்னும் பாக்கணும். முதல் வக்கீல் நாட்ட விட்டு ஓட வேண்டியதாச்சு, அவரு மனைவியப் புடிச்சு உள்ள வெச்சாங்க. ரெண்டாவது வக்கீலும் சகினேவோட பையனும் 2010 அக்டோபர்ல ரெண்டு ஜெர்மன் பத்திரிகையாளருங்களுக்கு பேட்டி குடுத்துட்டு இருக்கும்போதே கைது. இன்னொண்ணு, இதப் படிச்சப்ப எனக்கு வயித்தக் கலக்குச்சு. ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை சகினே படம்னு முக்காடு இல்லாத ஒரு படத்தப் போட்டுச்சு, அது சகினேவே இல்ல, ஐரோப்பால இருக்கற வேற ஒரு ஈரானியப் பொண்ணு. அந்தப் படத்துக்காக ஜெயில்ல அவங்களுக்கு இன்னும் 99 கசையடின்னு பையன் சொன்னான். பத்திரிகை மன்னிப்பு கேட்டுச்சு. படத்த சரி பாருங்கன்னு நான் மேல சொன்னது சும்மா ஒழுங்குக்காக சொன்னது இல்ல.

அதனால ஷேர் பண்றதா இருந்தா குடும்பமோ வக்கீலோ வெளியிட்ட படத்த மட்டும் போடுங்க, அவங்க எழுதின வாசகத்தையே போடுங்க, உங்க சொந்த மசாலா வேணாம். ஆப்கானிஸ்தான் வீடியோன்னா இன்னும் கவனம். அங்க 2021லேர்ந்து ஆறாம் வகுப்புக்கு மேல பொண்ணுங்களுக்கு பள்ளிக்கூடம் இல்ல, 2022 டிசம்பர்ல காலேஜ் போச்சு, 2024 டிசம்பர்ல நர்ஸ், மருத்துவச்சி படிப்பும் போச்சு. தெருவுல பத்து பொண்ணுங்க போராடற வீடியோ கெடச்சா முகம் தெரியுதான்னு பாருங்க, தெரிஞ்சா ஷேர் பண்ணாதீங்க. ரகசியமா நடக்கற வகுப்புகளப் பத்தி புல்லரிக்கற மாதிரி கட்டுரை வரும், அதுல எந்த ஊர், எந்தத் தெருன்னு இருந்தா அது அங்க இருக்கற டீச்சருக்குக் கண்ணி.

யாருக்கு எழுதறோம்னு தெரிஞ்சு எழுதுங்க

இதுக்கு நம்ம பக்கத்து உதாரணமே இருக்கு, சொல்லும்போது இன்னும் வலிக்குது. ரிசானா நஃபீக். திருகோணமலை மாவட்டம் மூதூர், தமிழ் பேசற ஏழ முஸ்லிம் குடும்பம், அப்பா விறகு வெட்டறவரு. பொறப்புச் சான்றிதழ் படி 1988 பிப்ரவரி, ஏஜென்ட் எடுத்துக் குடுத்த பாஸ்போர்ட்ல 1982. 2005 மே மாசம் சவூதிக்கு வேலைக்குப் போயி சில வாரத்துலயே அவங்க பாத்துக்கிட்டு இருந்த நாலு மாசக் குழந்த இறந்து போச்சு. பால் குடுக்கும்போது புரையேறிடுச்சுன்னு அந்தப் பொண்ணு சொன்னுச்சு, கொலைன்னு கேஸ். வயசு பதினேழு. போலீஸ்ல வாக்குமூலம் எடுத்தப்ப வக்கீல் கிடையாது, மொழிபெயர்த்த ஆளுக்கு தமிழும் அரபியும் ஒழுங்காத் தெரியுமாங்கறதே சந்தேகம், அவரு அப்புறம் நாட்ட விட்டே போயிட்டாரு. அந்த வாக்குமூலத்த ரிசானா மறுத்தாங்க, எடுபடல. 2007 ஜூன்ல மரண தண்டன. அப்பீலுக்கு வக்கீல் ஃபீஸ் கட்டினது ஹாங்காங்ல இருக்கற ஆசிய மனித உரிமை ஆணையம் திரட்டின காசு. 2013 ஜனவரி 9ல தலைய வெட்டிட்டாங்க.

அந்த வருஷங்கள்ல உலகம் பூரா சவூதி மன்னருக்கு பெட்டிஷன் போச்சு. ஆனா இது கிஸாஸ் கேஸ், அதாவது உயிருக்கு உயிர். கிஸாஸ்ல மன்னிக்கற உரிமை செத்தவங்க குடும்பத்துக்குத்தான், மன்னருக்கு இல்ல. அவங்க தியத்துங்கற இழப்பீட்டுப் பணம் வாங்கிக்கிட்டு மன்னிக்கலாம், சும்மாவும் மன்னிக்கலாம், மன்னிக்காமயும் இருக்கலாம். அரசன் போயி கெஞ்சத்தான் முடியும். அப்ப பேச வேண்டிய எடம் அந்த அம்மா அப்பா, பேசக் கூடியவங்க அந்த ஊர்ப் பெரியவங்க, அவங்க இனத்துக்காரங்க, மார்க்க அறிஞருங்க. பச்சக் குழந்தையப் பறி குடுத்த தாய்கிட்ட போயி உங்க சட்டம் காட்டுமிராண்டி சட்டம்னு பத்து லட்சம் பேரு கத்தினா அவங்க மனசு எளகுமா இறுகுமா? சத்தம் போட்டிருக்க வேண்டிய எடம் வேற, நேரமும் வேற. 2005ல அந்த முதல் வாரம், அந்த மொழிபெயர்ப்பாளர் உக்காந்த நாற்காலில ஒழுங்காத் தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் உக்காந்திருந்தா கேஸே வேற மாதிரி போயிருக்கலாம்.

அதனால வளைகுடால வீட்டு வேலைக்குப் போன யாராவது மாட்டிக்கிட்டாங்கன்னு தெரிஞ்சா ஃபேஸ்புக்குக்கு முன்னாடி தூதரகம். இலங்கைன்னா வெளிநாட்டு வேலைவாய்ப்பு பணியகத்தோட நம்பர் 1989. இந்தியான்னா வெளியுறவுத் துறையோட மதத்துன்னு ஒரு போர்ட்டல் இருக்கு (இந்தியில உதவின்னு அர்த்தம், நம்ம மதம் இல்ல), அதுல புகார் பதிஞ்சு நம்பர் வாங்குங்க. “வக்கீலும் மொழிபெயர்ப்பாளரும் வர்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாத”ன்னு அந்தப் பொண்ணுக்கு எப்படியாவது சொல்லி அனுப்புங்க. பொறப்புச் சான்றிதழ், ஸ்கூல் சர்டிபிகேட் எல்லாத்தையும் அன்னைக்கே ஸ்கேன் பண்ணி வைங்க, ரிசானா கேஸ்ல வயசு நிரூபிக்கறதே தலவலியாப் போச்சு.

கடுதாசி எழுதறதுன்னா பத்து வரி போதும். மரியாதையா அழைங்க. கேஸ் பேரு, கோர்ட்டு, தேதி. அப்புறம் அந்த நாடே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்த எடுங்க, நைஜீரியா பெண்களுக்கு எதிரான பாகுபாட்ட ஒழிக்கற ஐநா ஒப்பந்தத்த 1985லயே ஏத்துக்கிச்சு, சவூதி குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்த 1996லயும் பெண்கள் ஒப்பந்தத்த 2000லயும் ஏத்துக்கிச்சு, சில நிபந்தனையோடதான், ஆனாலும் கையெழுத்து கையெழுத்துதான். ஈரான் பெண்கள் ஒப்பந்தத்துல சேரவே இல்ல, அதனால அங்க அதப் பேசிப் புண்ணியம் இல்ல, 1975ல ஏத்துக்கிட்ட குடிமை, அரசியல் உரிமை ஒப்பந்தத்தப் பேசணும். கடைசில ஒரே ஒரு கோரிக்கை, மறு விசாரணைன்னா மறு விசாரணை, தண்டன நிறுத்தம்னா அது. மதத்தப் பத்தி உங்க கருத்து வேணாம், அது நெஜமாவே உங்க மனசுல இருந்தாலும்.

காசு அனுப்பறதுன்னா

முதல்ல கேளுங்க. வெளிநாட்டுக் காசு வாங்கினாங்கங்கற ஒரே குற்றச்சாட்டுல அங்க ஒரு அமைப்ப மூடிடலாம், அதனால வேணாம்னு அவங்க சொன்னா விட்டுடுங்க. வேணும்னு சொன்னா தயங்காதீங்க, நூறு பெட்டிஷனுக்கு ஒரு அப்பீல் செலவு மேல். வக்கீல் பஸ் செலவு, நகல் எடுக்கற செலவு, சாட்சி தங்கற செலவுன்னு போகும், கேக்க சுவாரசியமே இருக்காது, அதுலதான் கேஸு ஜெயிக்குது.

குரூப்ல இருக்கற அந்த மாமா

இவரத் தாண்டித்தான் எல்லாம் நடக்கணும். “இவனுங்க மதமே இப்படி”ன்னு அவரு சொல்லும்போது அந்தப் பொண்ணு மேல அவருக்கு எவ்ளோ அக்கறைன்னு ஒரு கேள்வி போதும்: அவ பேரு என்ன மாமா? எங்க மாமா அதுக்கு ஒரு நாள் பூரா பதில் போடல.

ஆனா நாட்டளவுல இத யாரு பண்றாங்கன்னு பாத்தா சிரிப்பு வராது. இலங்கைல 1951ம் வருஷத்து முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் இருக்கு. அதுல கல்யாண வயசுக்கு கீழ் வரம்பே கிடையாது, பன்னெண்டு வயசுக்குக் கீழன்னா காதி (முஸ்லிம் குடும்ப வழக்கு நீதிபதி) அனுமதி வேணும்னு இருக்கு, அவ்ளோதான். பொண்ணு கையெழுத்து பதிவுல தேவையில்ல, வலின்னு சொல்ற ஆண் காப்பாளர் போட்டாப் போதும், பெண்கள் காதியா வர முடியாது. இத மாத்தணும்னு முஸ்லிம் பெண்களே பல வருஷமா, புத்தளத்துலேர்ந்தும் கெழக்குலேர்ந்தும் கதை கதையா சேகரிச்சுட்டு வந்து போராடறாங்க. 2009ல நீதிபதி சலீம் மர்சூஃப் தலைமைல கமிட்டி போட்டாங்க, அறிக்கை 2018ல வந்துச்சு, அதுவும் ரெண்டாப் பொளந்து. ஒம்போது வருஷம்! இந்த நேரத்துல 2019 ஈஸ்டர் குண்டு வெடிப்பு. அது வரைக்கும் இந்தப் பெண்களத் திரும்பிக் கூடப் பாக்காதவங்க எல்லாம் திடீர்னு முஸ்லிம் பெண்களோட ரட்சகரா மாறிட்டாங்க. 2021 அக்டோபர்ல “ஒரே நாடு ஒரே சட்டம்”னு ஒரு செயலணி, தலைவரு யாருன்னா முஸ்லிம் எதிர்ப்புப் பேச்சுக்கே பேரெடுத்த பௌத்த பிக்கு ஞானசார தேரர். முதல்ல அறிவிச்ச பட்டியல்ல ஒரு பொண்ணு கூட இல்ல, ஒரு தமிழர் கூட இல்ல. போராடற பெண்கள் நெலமய நெனச்சுப் பாருங்க, ஒரு பக்கம் சொந்த ஊர்ல சமூகத்தக் காட்டிக் குடுக்கறேன்னு ஏச்சு, இன்னொரு பக்கம் அவங்க கோரிக்கையத் திருடிக்கிட்டுப் போயி அவங்க அண்ணன் தம்பிய அடிக்கற தடியா மாத்தற கூட்டம்.

நம்ம பக்கத்துலயும் புதுக்கோட்டைல தாவூத் ஷரீஃபா கானம் தொடங்கின பெண்கள் ஜமாஅத் இருக்கு, ஆம்பளைங்க மட்டும் உக்காந்து பொண்ணு கேஸப் பேசறது சரியில்லன்னு பெண்களே கூடி உக்காந்தது. முத்தலாக் பத்தி டிவில கத்தின எத்தன பேருக்கு அவங்க பேரு தெரியும்?

அதனால நீங்க எழுதறது எதையும் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ யோசிங்க, இத அந்த மாமா எடுத்து எதுக்கு யூஸ் பண்ணுவாருன்னு. அவருக்கு பிடி குடுக்காத மாதிரி எழுதலாம், அந்தப் பொண்ணோட வக்கீலும் அவ மதம்தான்னு ஒரு வரி சேத்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

அங்க கை எட்டலேன்னா இங்க

ஆப்கன்ல அப்பீல் போட வக்கீல் கெடைக்கறதே கஷ்டம், இருநூறுக்கும் மேல இருந்த பெண் நீதிபதிங்கள்ல நெறைய பேரு நாட்ட விட்டுப் போயிட்டாங்க, மத்தவங்க ஒளிஞ்சு வாழ வேண்டியதாச்சு. அப்ப என்ன பண்ண முடியும்னா, நம்ம வாசலுக்கு அவங்க வரும்போது பேசலாம். 2025 அக்டோபர் 10ல தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தாகி டெல்லில பிரஸ் மீட் வெச்சாரு, பெண் பத்திரிகையாளருங்களுக்கு அழைப்பில்ல. இங்க இருக்கற பத்திரிகைக்காரங்களும் எதிர்க்கட்சியும் நம்ம ஊர்லயே இதுவான்னு கேட்டாங்க, ரெண்டே நாள்ல இன்னொரு பிரஸ் மீட், பெண்கள் முன் வரிசைல உக்காந்து பொண்ணுங்க பள்ளிக்கூடம் பத்தி நேருக்கு நேரு கேள்வி கேட்டாங்க. காபூல்ல ஒரு ஸ்கூலும் அதனால தெறக்கல, அது வேற. ஆனா நம்ம அரசாங்கம், நம்ம எம்பி, நம்ம கிரிக்கெட் போர்டு, இவங்ககிட்ட நாம கேள்வி கேட்டா காஃபிர் கடுதாசின்னு யாரும் தள்ள முடியாது.

தப்பா அனுப்பிட்டீங்கன்னா

திரும்பப் போயி சொல்லுங்க. 2003ல நான் இதப் பண்ணல. விஷயம் தெரிஞ்சப்ப வெக்கமா இருந்துச்சு, நாப்பது பேருக்கும் ஏதோ ஒரு பண்டிகை வாழ்த்து அனுப்பி சமாளிச்சுட்டேன். டெலிட் பண்ணிட்டுப் போறதும் பத்தாது, படிச்சவங்க மண்டைல அது உக்காந்திருக்கும். அதே குரூப்ல, அதே ஆளுங்களுக்கு, ரெண்டு வரி: நேத்து போட்டது தப்பு, உண்மை இது, அங்க கேஸ் நடத்தறவங்க இவங்க, அவங்க கேக்கறது இது. மன்னிப்பெல்லாம் நீளமா வேணாம். அடுத்த விசாரணை தேதி தெரிஞ்சா ஃபோன்ல ரிமைண்டர் வெச்சுக்கோங்க, அன்னைக்குப் போயி என்ன ஆச்சுன்னு பாத்து அதையும் போடுங்க, ஏன்னா அழுகை எமோஜி போட்ட எட்டு பேருல ஒருத்தர் கூட அன்னைக்கு ஞாபகம் வெச்சிருக்க மாட்டாங்க.

பெரியம்மா அனுப்பின படத்த நான் லென்ஸ்ல போட்டேன். பல வருஷமா சுத்தற ஒரு போராட்டப் படம், ஐரோப்பால ஏதோ ஒரு தெருவுல ஒரு பொண்ணு கறுப்புத் துணி போத்தி நடிச்சுக் காட்டறது. பெரியம்மாவுக்கு தனியா போன் பண்ணி சொன்னேன். “அப்ப அது பொய்யாடி, அந்தப் பொண்ணு நல்லா இருக்காளா?”ன்னு கேட்டாங்க, அந்தக் குரல்ல இருந்த நிம்மதியக் கேட்டுட்டு எனக்கு மேல பேச வாய் வரல. அப்புறம் அமினா கதைய முழுசா சொன்னேன், தூங்கும் கரு வரைக்கும். அந்த வக்கீல் பேர எழுதி அனுப்புன்னாங்க. அனுப்பினேன்.